மோதிரம் மாற்றிவிட்டால் மனைவி ஆகிவிடுவீர்களா?

கடலூர் மாவட்டத்திலிருந்து 27 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

நெல்லிக்குப்பம் பக்கம் வீடு. தனியார் பள்ளியில் ஆசிரியை. அப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரித் தோப்பு. மாப்பிள்ளைக்குப் பாண்டிச்சேரியில் அரியாங்குப்பம், வேலை சென்னையில். ஆவணியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயதார்த்தம் நடந்திருக்கிறது. லக்னப் பத்திரிகை வாசித்துத் தட்டு மாற்றி, மோதிரம் போட்டு, போட்டோக்காரர் கேட்டார் என்று மாலையும் மாற்றிக்கொண்டார்கள். கல்யாணம் தையில். மாப்பிள்ளை வீட்டார் கேட்டபடி 3 லட்சம் ரூபாயை அப்பா கொடுத்துவிட்டார். 2 லட்சம் வங்கி வழியாக, 1 லட்சம் கையில். மாப்பிள்ளைக்கு இரண்டு பவுன் பிரேஸ்லெட்டும் அரைப் பவுன் மோதிரமும் போட்டார்கள். அந்த வீட்டிலிருந்து இவருக்கு வந்தது ஒரு பவுன் செயினும் ஒரு பட்டுப்புடவையும்.

ஐப்பசியில் மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. "ஊர்ல எல்லாரும் கேக்கறாங்கம்மா, காரு இல்லாம எப்படி? அப்பாகிட்ட சொல்லு." பத்து நாளில் இன்னொன்று: பேசியதற்கு மேல் 10 பவுன். மாப்பிள்ளையிடம் கேட்டால், "பெரியவங்க பேசிப்பாங்க, நீ இதுல வராத" என்ற பதில். அந்த வாரமே சகோதரி அப்பாவிடம் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்.

இப்போது அங்கிருந்து இரண்டு செய்தி வந்திருக்கிறது. நிறுத்தியது நீங்கள், அதனால் ஒரு பைசா திரும்பாது என்பது ஒன்று. மோதிரமும் மாலையும் மாற்றியாகிவிட்டது, சட்டப்படி நீ எங்கள் வீட்டு மருமகள், விவாகரத்து வாங்காமல் வேறு கல்யாணம் செய்தால் வழக்குப் போடுவோம் என்பது இன்னொன்று. உறவுக்காரர்களோ, மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைக் கொடுமை என்று எழுதிக் கொடு என்கிறார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுச் சட்டமாம், அவர்களை ஒன்றும் செய்ய முடியாதாம் என்றும் சொல்கிறார்கள். "பணம் கொடுத்த நானும் குற்றவாளிதானே" என்று அப்பா ராத்திரியெல்லாம் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதாகக் கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் தோன்றியது, நீங்கள் செய்தது சரி என்பதுதான். காரில் ஆரம்பித்துப் பத்துப் பவுனுக்கு வந்தவர்கள் தையோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இதே குரல் பதிவுகளோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெண்களைக் கடலூர் நீதிமன்றத்தில் நான் அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டீர்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

மருமகள் என்ற மிரட்டல்

நீங்கள் அவருடைய மனைவி இல்லை. ஆனால் இந்த மிரட்டலை யாரோ கொஞ்சம் சட்டம் தெரிந்தவர்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967-ல், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தருவதற்காக வந்த பிரிவு அது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலே போதும். அல்லது மாலை மாற்றிக்கொண்டாலோ, விரலில் மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும், திருமணம் செல்லும் என்கிறது அது. இதில் மோதிரம், மாலை என்ற இரண்டு சொற்களை மட்டும் பிய்த்தெடுத்து உங்கள் மேல் வீசுகிறார்கள்.

அந்தப் பிரிவு பேசுவது, திருமணமாகவே நடத்தப்பட்ட ஒரு நிகழ்ச்சியைப் பற்றி. அன்றைக்கு அங்கே கூடியவர்கள் எதற்காகக் கூடினார்கள், நீங்கள் இருவரும் என்ன மனதோடு மோதிரம் போட்டுக்கொண்டீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். உங்கள் லக்னப் பத்திரிகையின் படத்தைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்தக் காகிதத்தின் ஆறாவது வரியைப் பாருங்கள்: தை மாதத்தில் சுபமுகூர்த்தத்தில் "திருமணம் நடத்துவதாய் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு" என்று இருக்கிறது. நடத்துவதாய்! இனிமேல்தான் நடக்கப்போகிறது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆவணியிலேயே கல்யாணம் முடிந்திருந்தால் தைக்கு எதற்கு முகூர்த்தம்? எதற்கு மண்டப முன்பணம்? அந்தக் காகிதத்தைக் கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய ஆதாரம் அதுதான்.

திருமணமே நடக்காதபோது விவாகரத்துக்கு இடமில்லை. நீங்கள் வேறு ஒருவரை மணந்தால் அது இருதார மணமும் ஆகாது. சேர்ந்து வாழ உத்தரவிடுங்கள் என்று அவர்கள் கேட்கவும் வழியில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். விசாவுக்காக, வீட்டுக் கடனுக்காக என்று சொல்லி நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவிலேயே பதிவு அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிவிடும் வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. அப்படி எந்தப் படிவத்திலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் மாறிவிடும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

"நிறுத்தியது நீங்கள்தானே"

இந்தச் சொல்லுக்குத்தான் நீங்கள் பயந்து போயிருக்கிறீர்கள். நிச்சயதார்த்தம் என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஒப்பந்தம் மாதிரி. ஆனால் வீடு விற்பதாக ஒப்பந்தம் போட்டவரைப் பத்திரம் எழுதிக் கொடு என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்துவது போல, கல்யாணம் செய்துகொள் என்று யாரையும் கட்டாயப்படுத்தாது. தன் துணையைத் தேர்ந்தெடுப்பது ஒருவரின் வாழ்வுரிமையில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, அவருக்கும் உண்டு. அப்புறம் மிஞ்சுவது வீணான செலவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில், "வேண்டாம்" என்ற வார்த்தை யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்பதில் இல்லை. அந்த நிலைமையை உண்டாக்கியது யார் என்பதில்தான் இருக்கிறது. பேசி முடித்ததற்கு மேல் காரும் நகையும் கேட்டு, சட்டம் தடை செய்த ஒன்றைக் கல்யாணத்துக்கு நிபந்தனையாக்கியவர்கள் அவர்கள். அதற்கு உடன்படாமல் விலகியவரை ஒப்பந்தத்தை மீறியவர் என்று சொல்ல முடியாது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். காரணமே இல்லாமல் நீங்கள் மனம் மாறி நிறுத்தியிருந்தால், அவர்களுடைய செலவை அவர்கள் உங்களிடம் கேட்டிருக்கலாம். அதனால்தான் அந்த இரண்டு குரல் பதிவுகளும் முக்கியம். அவை வந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், தம்பியிடம் கொடுத்து ரீசெட் செய்யாதீர்கள். பதிவை இன்னொரு கருவியில் நகல் எடுத்து வையுங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்கும்போது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

பாண்டிச்சேரியும் பிரெஞ்சுச் சட்டமும்

கடலூர்-பாண்டிச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் வேறு சட்டம் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. இதற்கு ஒரு வேர் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி வந்த பிரெஞ்சு ஆணையின்படி, தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் சிலர். ரெனோன்சான் என்பார்கள். அவர்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அப்படிப்பட்ட குடும்பமாக இருந்தால்கூட, உங்கள் பிரச்சினைக்கு அதில் ஒன்றுமில்லை. வரதட்சணைத் தடைச் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். இரண்டு ஊருக்கும் உயர் நீதிமன்றமும் ஒன்றே, சென்னை. நிச்சயம் நடந்ததும் பணம் கொடுத்ததும் கடலூரில் என்பதால் வழக்கைக் கடலூரிலேயே போடலாம். நீங்கள் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாமா?

போகலாம். ஆனால் உறவுக்காரர்கள் சொன்ன காரணத்துக்காக இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு, கணவனும் கணவனின் உறவினரும் செய்யும் கொடுமையைப் பற்றியது. நீங்கள் மனைவி இல்லை என்று மேலே பார்த்தோம். மனைவி இல்லை என்று ஒரு மனுவிலும் கணவன் கொடுமை செய்தான் என்று இன்னொரு மனுவிலும் எழுதினால், அவர்களுடைய மிரட்டலை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். தயவுசெய்து இதைச் செய்துவிடாதீர்கள்.

மோசடி என்று எழுதச் சொல்வார்கள். அதுவும் சுலபமில்லை. கர்நாடகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண் வீட்டார் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு மாப்பிள்ளை வேறு கல்யாணம் செய்துகொண்டுவிட்டார். அதுகூட மோசடி ஆகாது, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் விஷயத்தில் அப்படி ஓர் எண்ணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பேராசைதான் தெரிகிறது.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது வரதட்சணைத் தடைச் சட்டம், 1961. அதன் 4-ஆம் பிரிவுப்படி வரதட்சணை கேட்பதே குற்றம், கொடுத்திருக்க வேண்டும் என்றில்லை. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை. கல்யாணம் நடக்கவில்லையே என்று அவர்கள் வாதாடலாம். நிச்சயத்தோடு முறிந்துபோன ஓர் ஆந்திர வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: மணமகள் என்ற சொல் மணமகளாகப் போகிறவரையும் குறிக்கும், கல்யாணத்துக்கு முன் கேட்பதும் குற்றம்தான். அதே வழக்கில் ஆதாரம் போதாமல் குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலையும் ஆனார். போனைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

புகாரை அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ, வரதட்சணைத் தடுப்பு அலுவலராகவும் இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலரிடமோ கொடுக்கலாம். ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். இந்தக் குற்றம் ஜாமீனில் வர முடியாதது, இரு தரப்பும் சமரசமாகி முடித்துக்கொள்ளக்கூடியதும் இல்லை. பணத்தைத் திரும்ப வாங்க ஒரு கயிறாக இதைப் பிடித்து இழுத்துவிட்டு, பணம் வந்ததும் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்டிக்கப்பட வேண்டும் என்று மனப்பூர்வமாக நினைத்தால் கொடுங்கள், நான் தடுக்க மாட்டேன். இதற்குக் காலக்கெடு இல்லை என்பதால் இந்த வாரமே முடிவெடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பணக் கணக்கு

நீங்கள் எழுதிய கணக்கில் நிச்சயதார்த்தச் செலவு 1,40,000, தை மண்டப முன்பணம் 60,000, சமையல்காரருக்கு 25,000, பத்திரிகை அச்சடிக்க 11,000 ரூபாய். கூட்டினால் 2,36,000. ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவில் கேட்கக்கூடியது இந்த மாதிரி நேரடி நஷ்டத்தைத்தான். அதோடு, நஷ்டத்தைக் குறைக்க நீங்களும் முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. எனவே நாளைக் காலையே மண்டபத்துக்குப் போய் எழுத்தில் ரத்து செய்யுங்கள். தை முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைக்காமல் அலைகிறவர்கள் எத்தனையோ பேர். வேறு ஆள் அந்தத் தேதியை எடுத்தால் முன்பணத்தைக் கேட்டு வாங்குங்கள், வந்த தொகையைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். எடுத்து வைத்த பட்டுப்புடவைகள் உங்களிடமே இருக்கின்றன, அவற்றை நஷ்டத்தில் சேர்க்காதீர்கள். ஒன்றைக் கூட்டிச் சொன்னால் மற்ற எல்லாவற்றையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். மான நஷ்டம் 25 லட்சம் கேட்கலாம் என்று சித்தப்பா சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மனவேதனை உண்மை. ஆனால் அவ்வளவு பெரிய தொகை தீர்ப்பாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நகையை நகையாகவே கேளுங்கள். இரண்டரைப் பவுன் என்றால் 20 கிராம். இல்லாவிட்டால் திருப்பித் தரும் நாளின் மதிப்பு. வாங்கிய அன்றைய பில் தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். அவர்கள் போட்ட ஒரு பவுன் செயினையும் புடவையையும் நீங்கள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல்யாணம் நடக்கும் என்ற நம்பிக்கையில் கைமாறியவை இரண்டு பக்கமும் திரும்புவதுதான் முறை. தூது அனுப்பிக் கொடுக்காமல், பட்டியல் எழுதி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அதிலேயே "இனி ஒருவர் மேல் ஒருவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை, இருவருக்கும் திருமணம் நடைபெறவில்லை" என்ற வரியும் இருக்கட்டும்.

முதல் படி, ஒப்புகை வரும்படி ஒரு வக்கீல் நோட்டீஸ். அடுத்து, கடலூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குப் போடும் முன்பே அவர்களைக் கூப்பிட்டுப் பேசி லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கலாம். அங்கே கையெழுத்தானது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அவர்கள் வராவிட்டால் சிவில் வழக்கு. கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் வரும், ஆனால் பெண் என்பதால் வருமானம் எதுவாக இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு, அதில் கட்டணமும் அடங்கும். அப்பாவோடு நீங்களும் வாதியாக இருப்பது நல்லது. சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். பேசலாம், பார்க்கலாம் என்று அவர்கள் இழுத்தால் இந்தக் கெடுவை மறந்துவிடாதீர்கள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், மாப்பிள்ளை தனியாக போன் செய்து "அம்மாவைச் சமாதானப்படுத்துகிறேன்" என்கிறார் என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். போவதா வேண்டாமா என்பதை நான் சொல்லக் கூடாது. பத்துப் பவுன் கேட்டபோது பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள் என்றவர், இப்போது வாங்கிய 3 லட்சத்தை முதலில் திருப்பி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு

இந்தப் பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஐயா, வரதட்சணை கொடுப்பதும் குற்றம் என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். நீங்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவில், பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மேலேயே இந்தச் சட்டப்படி வழக்குப் போடக் கூடாது என்றும் இருக்கிறது. மகளுக்காகக் கேட்டதைக் கொடுத்துவிட்டு இப்போது உண்மையைச் சொல்ல வரும் தகப்பனுக்காகத்தான் அந்த வரி.

அந்த 3 லட்சத்தைக் கைமாற்றுக் கடன் என்று எழுதி வழக்குப் போடச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். குறுக்கு விசாரணையில் ஒரு பொய் உடைந்தால் 20 கிராம் தங்கமும் மண்டபப் பணமும் சேர்ந்து போய்விடும். வரதட்சணை ஒப்பந்தம் செல்லாது, செல்லாத ஒப்பந்தத்தில் கொடுத்ததைக் கேட்க முடியாது என்று அவர்கள் வக்கீல் வாதாடுவார். இந்தத் தொகையில் அந்த ஆபத்து இருப்பதை மறைக்க மாட்டேன். ஆனால் சட்டவிரோத நோக்கத்துக்காகக் கைமாறிய சொத்து, அந்த நோக்கம் நிறைவேறாமலே போனாலோ, கொடுத்தவரின் குற்றம் வாங்கியவரின் குற்றத்தைவிடக் குறைவாக இருந்தாலோ, கொடுத்தவருக்கே சேரும் என்று 1882-ஆம் வருட அறக்கட்டளைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு சொல்கிறது. கல்யாணம் நடக்கவில்லை. கேட்டவர்கள் அவர்கள், கொடுத்தவர் நீங்கள். இரண்டும் உங்கள் பக்கம் இருக்கிறது. வங்கியில் போன 2 லட்சத்துக்குக் கணக்குப் புத்தகமே சாட்சி. கையில் கொடுத்த 1 லட்சத்துக்கு அன்று கூட இருந்தவர்கள் யார் என்று பெயரும் தேதியும் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேல் பாஸ்புக், நகைக்கடை பில், மண்டப ரசீது, லக்னப் பத்திரிகை நான்கையும் எடுத்துக்கொண்டு மகளோடு சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு வாருங்கள். ராத்திரி திண்ணையில் உட்கார வேண்டாம், ஐயா. உள்ளே போய்ப் படுங்கள்.